வர்ணம் அழகு தரும்... பலம் தருமா?

பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் இதைப் படியுங்கள்

பொங்கல், தீபாவளி என்று வந்துவிட்டால் போதும், வீட்டில் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் வெளியே வந்துவிடும். கதவு, ஜன்னல், கிரில் எல்லாம் முடிந்த பிறகும் டப்பாவின் அடியில் கால்வாசி மிச்சம் இருக்கும். "ஐயோ, வீணாப் போகுதே!" என்று நம் கண் அங்குமிங்கும் அலையும். வெளுத்துப் போன பிளாஸ்டிக் நாற்காலி, குளியலறை முக்காலி, குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள், மொட்டை மாடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்... எதற்காவது ஒரு கோட்டிங் கொடுத்துவிடலாமே! கல்லூரிக்குப் போகும் பையன் இருந்தால் அவன் பங்குக்கு, "அம்மா, என் ஹெல்மெட்டுக்கு மேட் கறுப்பு ஸ்பிரே அடிச்சுக்கறேன், சூப்பரா இருக்கும்" என்பான்.

இரும்புக்குப் பெயிண்ட் அடித்தால் துருப் பிடிக்காது. மரத்துக்கு அடித்தால் ஈரம் இறங்காது. அப்படியிருக்க, பிளாஸ்டிக்குக்கு அடித்தால் மட்டும் என்ன கெட்டுவிடும்?

நியாயமான கேள்விதான். பதில்தான் கொஞ்சம் ஆச்சரியமானது. சில பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பெயிண்ட் ஒரு கவசம். சிலவற்றில் அது ஒட்டவே ஒட்டாது. இன்னும் சில இருக்கின்றன: பெயிண்ட் அடிப்பதற்கு முன் தாங்கிய அடியை, அடித்த பிறகு தாங்காமல் படீரென்று உடைந்துவிடும்! பல ஹெல்மெட்டுகள் இந்த மூன்றாவது வகையில் வருகின்றன. அதனால்தான் இந்த விஷயத்தை "அது ஏதோ தொழிற்சாலைக்காரர்கள் கவலை" என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

எல்லாம் ஒரே ரகம் இல்லை

அரிசியில் பச்சரிசி, புழுங்கலரிசி என்று ரகம் இருப்பது போல பிளாஸ்டிக்கிலும் ரகங்கள் உண்டு. வாளி, குடம், டிபன் டப்பா, நாற்காலி இவையெல்லாம் பெரும்பாலும் பாலிஎதிலின் அல்லது பாலிப்ரொப்பிலின். தொட்டால் கொஞ்சம் மெழுகு போல வழுவழுவென்று இருக்கும். தாமரை இலையில் தண்ணீர் போல, பெயிண்ட் இவற்றின் மேல் நிலைத்து உட்காராது. காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினால் தோல் தோலாக உரியும்.

குடிநீர்க் குழாய்கள் பி.வி.சி. தெர்மோகோல், கண்ணாடி போன்று மொறுமொறுவென்று உடையும் மலிவான டம்ளர்கள் பாலிஸ்டைரின். மிக்ஸியின் உடம்பு, சுவிட்ச், பொம்மைக் கட்டைகள் போன்றவற்றில் ஏ.பி.எஸ். அதிகம். கண்ணாடி போலத் தெளிவாக, ஆனால் சுத்தியலால் அடித்தாலும் எளிதில் உடையாத ரகம் பாலிகார்பனேட். 1953ல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல் என்பவரும் அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸ் என்பவரும் தனித்தனியே ஒரே ஆண்டில் கண்டுபிடித்தது இது. ஹெல்மெட்டின் வெளி ஓடு, முன்பக்கக் கண்ணாடி, குழந்தைகளின் மூக்குக் கண்ணாடி, கார் விளக்கின் முகப்பு என்று அடி விழும் இடங்களுக்கெல்லாம் இதைத்தான் தேடுகிறார்கள்.

பொருளைத் திருப்பி அடியில் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கலாம். 2, 4 என்றால் பாலிஎதிலின். 3 பி.வி.சி. 5 பாலிப்ரொப்பிலின். 6 பாலிஸ்டைரின். 7 என்றால் 'மற்றவை'. பாலிகார்பனேட் இதில்தான் அடங்கும்.

தின்னர் செய்யும் வேலை

பெயிண்ட் என்பது வெறும் நிறம் இல்லை. நிறப்பொடி, அதைப் பிடித்து வைக்கும் பசை போன்ற பொருள், இரண்டையும் இளக்கி வைக்கும் கரைப்பான் மூன்றும் சேர்ந்ததுதான் பெயிண்ட். ஸ்பிரே டப்பாவிலும் தின்னரிலும் மூக்கைத் துளைக்கிற வாசனை வருகிறதே, அது கரைப்பானின் வாசனை. அசிட்டோன், டொலுவீன் போன்றவை அதில் இருக்கும். நகப்பூச்சை அழிக்கும் திரவத்திலும் பெரும்பாலும் அசிட்டோன்தான்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்கு அருகில் இல்லாமல், சின்னத் தெர்மோகோல் துண்டின் மேல் நகப்பூச்சு நீக்கியை ஒரு சொட்டு விடுங்கள். சூடான தோசைக் கல்லில் விழுந்த வெண்ணெய் மாதிரி அந்த இடம் குழிந்து மறைந்துவிடும். கொலு மேடைக்குத் தெர்மோகோலில் கோபுரம் வெட்டி, தங்க நிற ஸ்பிரே அடித்து, கோபுரம் கரைந்து போய்க் கண்கலங்கிய பெண்மணிகளுக்கு இந்தப் பாடம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்!

ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் போன்றவை இப்படிக் கண் எதிரே கரைந்துவிடுவதில்லை. அங்கே நடப்பது இன்னும் சூட்சுமமானது. பிளாஸ்டிக் சாமானை எப்படிச் செய்கிறார்கள்? உருக்கி, அச்சுக்குள் பலமாகத் தள்ளி, குளிர வைக்கிறார்கள். அச்சைத் தொடும் வெளிப்புறம் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பின்னால்தான் இறுகும். வெயிலில் காயும் வடாம் ஒரு பக்கம் முன்னதாகக் காய்ந்து ஓரம் சுருண்டுகொள்கிறது பாருங்கள், அந்த மாதிரி ஓர் இழுபறி பிளாஸ்டிக்குக்கு உள்ளேயும் உண்டாகிறது. வடாமுக்குச் சுருள இடம் இருக்கிறது. அச்சுக்குள் இருக்கும் பிளாஸ்டிக்குக்கு இடம் இல்லை. ஆகவே அந்த இழுவிசை உள்ளேயே உறைந்து போகிறது. பார்ப்பதற்குச் சாமான் சாதுவாக உட்கார்ந்திருக்கும். உள்ளே நாணேற்றிய வில்!

இந்த நிலையில் தின்னர் மேலே பட்டால், அது மேற்பரப்பில் நுழைந்து, நீண்ட சங்கிலிகளாகக் கோத்துக்கொண்டிருக்கும் மூலக்கூறுகளின் பிடியைத் தளர்த்துகிறது. பிடி தளர்ந்ததும் உறைந்திருந்த இழுவிசை தன் வேலையைக் காட்டும். மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். சிலசமயம் உடனே, சிலசமயம் நாள் கழித்து. அவற்றின் மேலேயே பெயிண்ட் படிந்து மூடிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இதே சங்கதி பெயிண்ட் இல்லாமலும் நடக்கும். பிரிட்ஜின் உட்சுவர் ஏ.பி.எஸ். அல்லது பாலிஸ்டைரின் வகையில் செய்தது. வெண்ணெய், எண்ணெய்ப் பிசுக்கு நாள்கணக்கில் படிந்து கிடந்தால் மூலைகளில் கீறல் விடக்கூடும். பிசுக்கை அவ்வப்போது துடைத்துவிடச் சொல்வது சுத்தத்துக்காக மட்டும் இல்லை!

துணிக்கடைக்காரர் சொல்லித் தரும் பாடம்

"சரிங்க, பிளாஸ்டிக்கை ஒண்ணும் செய்யாத பெயிண்டா பார்த்து அடிச்சா?" என்று கேட்பீர்கள். அங்கேயும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது.

துணிக்கடையில் ரவிக்கைத் துணி கிழித்துத் தருபவரைக் கவனித்திருக்கிறீர்களா? முழு அகலத்தையும் கத்தரியால் வெட்ட மாட்டார். விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு. பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழுப்பு. சர்ரென்று கிழிந்துவிடும். அந்தச் சின்ன வெட்டு இல்லாமல் எத்தனை பலசாலி இழுத்தாலும் துணி லேசில் கிழியாது. இழுக்கும் பலம் முழுதும் அந்த வெட்டின் நுனியில் போய்க் குவிவதுதான் ரகசியம்.

பாலிகார்பனேட்டும் அப்படித்தான். வழுவழுப்பாக இருக்கும்வரை அடி விழுந்தால் வளையும், நசுங்கும், அடியை வாங்கிக்கொள்ளும். கூர்மையான ஒரு கீறல் மட்டும் இருந்துவிட்டால் அதே பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி நடந்துகொள்ளும்.

இப்போது பெயிண்டுக்கு வருவோம். காய்ந்து இறுகிய பெயிண்ட் படலம் பல சமயம் பிளாஸ்டிக்கைவிட மொறமொறப்பானது. கார்களின் மேல் இருக்கும் பெயிண்டின் மொத்தக் கனமே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். "இவ்வளவு மெல்லிய ஏடு என்ன செய்துவிடும்?" என்று தோன்றும். அடி விழுந்து பிளாஸ்டிக் வளையும்போது, இழுபடும் பக்கத்தில் இருக்கும் படலத்தால் கூடவே நீள முடியாது. முதலில் அதுதான் வெடிக்கும். வெடிப்பின் நுனி, பிளாஸ்டிக்கின் வாசலில் ஊசி போல நிற்கும். துணிக்கடைக்காரரின் கத்தரி வெட்டு விழுந்தாகிவிட்டது! அடுத்த கணம் வெடிப்பு பிளாஸ்டிக்குக்குள் ஓடிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சரியாக ஒட்டாத பெயிண்டாக இருந்தால், வெடிப்பு பிளாஸ்டிக்குக்குள் போகாமல் பக்கவாட்டில் திரும்பி, பெயிண்டை மட்டும் உரித்துக்கொண்டு போய்விடும். பிளாஸ்டிக் தப்பித்துக்கொள்ளும். 'நன்றாகக் கெட்டியாக ஒட்டியிருக்கிறது' என்று நாம் மெச்சிக்கொள்ளும் பெயிண்ட்தான் அதிக ஆபத்து. குளிர் ஏற ஏறப் படலம் இன்னும் விறைப்பாகும், ஆபத்தும் கூடும்.

தொழிற்சாலையில் மட்டும் எப்படி?

"கடையில் விற்கிற ஹெல்மெட்டும் பெயிண்ட் அடிச்சதுதானே? கார் பம்பரும் பிளாஸ்டிக்தானே?" என்று பையன் மடக்குவான். மடக்கட்டும். பதில் இருக்கிறது.

அவர்கள் அடிப்பது அந்தக் குறிப்பிட்ட பிளாஸ்டிக்குக்கென்றே தேர்ந்தெடுத்த பெயிண்ட். கரைப்பான் மென்மையானதாகவோ, தண்ணீர் கலந்ததாகவோ பார்த்துக்கொள்கிறார்கள். படலம் வளைந்து கொடுக்க வேண்டும் என்று பாலியூரித்தேன் வகைப் பெயிண்டில் இளக்கம் தரும் பொருள் சேர்க்கிறார்கள். சில சாமான்களைப் பெயிண்ட் அடிக்கும் முன் இதமான சூட்டில் வைத்து, உள்ளே உறைந்த இழுவிசையைத் தணிக்கிறார்கள். பம்பர்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலின் வகை. பெயிண்ட் ஒட்டாது என்று சொன்னோமே, அதனால் மேற்பரப்பைத் தீநாக்கால் லேசாக வருடியோ, தனிப் பிரைமர் பூசியோ பக்குவம் செய்கிறார்கள். இரும்பு உடலுக்கான சூட்டில் பிளாஸ்டிக் உருக்குலைந்து போகும் என்பதால் 80 டிகிரி செல்சியஸ் அளவுச் சூட்டில்தான் உலர்த்துகிறார்கள்.

இத்தனையும் செய்த பிறகும் சும்மா விடுவதில்லை. பெயிண்ட் அடித்த துண்டையும் அடிக்காத துண்டையும் வைத்து, ஊசல் சுத்தியலால் அடித்தும் கனமான குண்டை மேலே போட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நம் வீட்டுப் பையனிடம் ஸ்பிரே டப்பா இருக்கிறது. ஊசல் சுத்தியல் இல்லை.

ஹெல்மெட்: தலை போகிற விஷயம்

'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர் பெற்ற டி.ஈ. லாரன்ஸ் 1935ல் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் அதன் பிறகு மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசம் உயிரைக் காக்கும் என்று 1941ல் கட்டுரை வெளியிட்டார். அன்று தொடங்கிய ஆராய்ச்சியின் பலன்தான் இன்று நம் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

ஹெல்மெட்டில் இரண்டு காவலாளிகள் உண்டு. வெளி ஓடு, ஓர் இடத்தில் விழும் அடியைப் பரவலாக்கும். உள்ளே இருக்கும் தெர்மோகோல் வகைப் பஞ்சணை நசுங்கி, அடியின் வேகத்தை விழுங்கும். தின்னர் இந்த இரண்டு காவலாளிகளுக்குமே எதிரி. பாலிகார்பனேட், ஏ.பி.எஸ். ஓடுகளில் வெடிப்பை உண்டாக்கும். "எங்க வீட்டில் ஃபைபர் கிளாஸ் ஹெல்மெட், ஒண்ணும் ஆகாது" என்றும் சொல்லிவிட முடியாது. காற்றோட்டத் துவாரம் வழியே ஸ்பிரே உள்ளே போனால் தெர்மோகோல் கரையும்.

ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஆணையத்தின் 22ஆம் எண் ஹெல்மெட் விதியிலேயே இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். பெயிண்ட், ஸ்டிக்கர், பெட்ரோல், கரைப்பான்கள் எவையும் படக்கூடாத ரக ஹெல்மெட் என்றால், அந்த எச்சரிக்கையை அதன் மேல் ஒட்டியே விற்க வேண்டும். நம் நாட்டில் ஹெல்மெட்டுக்கான தரம் ஐ.எஸ். 4151. 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த முத்திரை, கடையில் வாங்கிய நிலையில் உள்ள ஹெல்மெட்டுக்குத்தான். மேலே நாம் தின்னர் கலந்த பெயிண்டை அடித்த பிறகு அது வேறு பொருள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் 2023 பிப்ரவரி முதல் தலைக்கவசமும் பாதுகாப்புப் பட்டையும் தேவை என்று மத்திய விதி வந்திருக்கிறது. சின்னக் குழந்தை போட்டுக்கொள்ள அடம் பிடிக்கும். "நீயே கலர் பண்ணிக்கோ கண்ணா" என்று ஆசை காட்டி, பெயிண்டையும் மார்க்கரையும் கையில் கொடுத்துவிடாதீர்கள். பிடித்த நிறத்திலேயே தேடி வாங்கிக் கொடுங்கள்.

நாற்காலியும் முக்காலியும்

வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி முதலில் நிறம் மங்கும். பிறகு தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டும். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் உள்ளே உள்ள சங்கிலிகளை அறுத்துவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம். இந்த நாற்காலிக்குப் பெயிண்ட் அடித்தால் வயசு மறையும், பலவீனம் மறையாது. புதுசு போல மின்னுகிறதே என்று நம்பி மாமியாரோ, வீட்டுக்கு வந்த பெரியவரோ சாய்ந்து உட்கார, பின்கால் மளுக்கென்று ஒடிந்தால்? வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு எத்தனை பெரிய தொல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கால் வளைவில் கீறலோ கையில் பொடியோ கண்டால் பழைய பிளாஸ்டிக்காரரிடம் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம். குளியலறை முக்காலிக்கும் இதேதான்.

பெயிண்ட் நன்மை செய்யும் இடங்கள்

எப்போதுமே பெயிண்ட் வில்லன் இல்லை. மொட்டை மாடியில் வெயிலில் ஓடும் பி.வி.சி. குழாய் நாளடைவில் நிறம் மாறி, அடி தாங்கும் சக்தியை இழக்கும். அதற்கு வெளிர் நிறத்தில், தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷன் பெயிண்ட் ஒரு கோட்டிங் கொடுத்தால் வெயிலுக்குக் குடை பிடித்தது போல. எனாமல், தின்னர் மட்டும் கூடவே கூடாது. வெந்நீர் வரும் சி.பி.வி.சி. குழாய்க்கு நிச்சயமாகக் கூடாது.

குழந்தையின் மூக்குக் கண்ணாடி பாலிகார்பனேட் என்றால், அதன் மேல் கீறல் விழாமல் காக்கும் மெல்லிய கடினப் பூச்சு இருக்கும். பாலிகார்பனேட் அடிக்கு அஞ்சாது, கீறலுக்கு அஞ்சும். அந்தப் பூச்சு இல்லாவிட்டால் சில மாதங்களிலேயே மங்கிவிடும். இளம் சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். முந்தானையால் அழுத்தித் துடைக்க வேண்டாமே!

சில சந்தேகங்கள்

பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டிலில் நகப்பூச்சால் குழந்தை பெயர் எழுதலாமா?

நகப்பூச்சிலும் கரைப்பான் இருக்கிறது. பாலிப்ரொப்பிலின் பாட்டிலில் சில நாளில் உரிந்து போகும், அவ்வளவுதான். கண்ணாடி போன்ற தெளிவான, கடினமான பாட்டிலில் கீறல் விடலாம். பெயர் எழுதிய துணி நாடாவைக் கழுத்தில் கட்டிவிடுங்கள்.

பழைய பொம்மைக்கு மிச்சமிருக்கும் எனாமல் அடிக்கலாமா?

குழந்தை வாயில் வைக்கும் எதற்கும் வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பரணில் கிடக்கும் பழைய டப்பாவில் என்ன இருக்கிறதோ, யார் கண்டார்!

ஹெல்மெட்டுக்கு ஏற்கெனவே பெயிண்ட் அடித்தாகிவிட்டது. வெடிப்பு ஒன்றும் தெரியவில்லையே?

தெரியாததுதான் சங்கடம். வீட்டில் பார்த்தோ தட்டியோ பலம் குறைந்ததா என்று கண்டுபிடிக்க வழியில்லை. பெயிண்டைச் சுரண்டி எடுக்கத் தின்னர் போட்டால் கெடுதல் இரட்டிப்பாகும். புதிது வாங்கிவிடுங்கள். வண்டிக்கு ஒரு தடவை பெரிய சர்வீஸ் செய்யும் செலவைவிட அதிகமாகாது.

கொசு விரட்டும் களிம்பு பிளாஸ்டிக்கைப் பாதிக்குமாமே?

'டீட்' என்ற மருந்து கலந்ததாக இருந்தால் உண்மைதான். கையில் தடவிக்கொண்டு கண்ணாடி பிரேம், கைக்கடிகாரம், ஹெல்மெட் கண்ணாடி இவற்றைத் தொடும் முன் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

கொலுத் தெர்மோகோலுக்கு எதை அடிக்கலாம்?

போஸ்டர் கலர், அக்ரிலிக் கலர், எமல்ஷன் போன்ற தண்ணீரில் கரையும் வர்ணங்கள் எல்லாமே பாதுகாப்பு. மூக்கில் ஏறும் வாசனை வந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

குறித்து வைத்துக்கொள்ளுங்கள்

* ஹெல்மெட்டைக் கழுவ இளம் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர், ஸ்பிரிட் வேண்டாம்.

* பெட்ரோல் கேன், பெயிண்ட் டப்பா இருக்கும் அலமாரியில் ஹெல்மெட்டை வைக்காதீர்கள்.

* ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், தன் வேலையை முடித்துவிட்டது. நசுங்கிய தெர்மோகோல் மறுபடி எழாது. மாற்றிவிடுங்கள்.

* ஹெல்மெட் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, உள்ளே ஒட்டியிருக்கும் எச்சரிக்கைச் சீட்டையும் படியுங்கள். அதைக் கிழித்துப் போடாமல் விட்டுவைப்பது நல்லது.

* எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாத சாமானுக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள். ஆள் ஏறி நிற்கும், உட்காரும், தலையில் போடும் சாமானுக்கு எது என்று தெரிந்தாலும் அடிக்காதீர்கள்.

* பூந்தொட்டி, அலங்காரப் பெட்டி, சுவர்ப் படச் சட்டம் என்றால் தாராளமாக அடித்து மகிழுங்கள். உரிந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம்; உடைந்தாலும் யாருக்கும் காயமில்லை.

டப்பாவில் மிச்சமிருக்கும் கால்வாசிப் பெயிண்டை என்ன செய்வது என்கிறீர்களா? மூடியை இறுக்கி மூடி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் கிரில்லின் கீழ்ப்பட்டையில் துரு எட்டிப் பார்க்கும். அதற்குத் தேவைப்படும்!